அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?

கூடை நிறையப் பூவை வைத்துக்கொண்டு, பெற்ற தாயின் கல்லறைக்கு முன்னால், இதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றவள் இந்த ஏற்காட்டு மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

அன்றைக்குக் கல்லறைத் திருநாள். அம்மா போன பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாள். சேலத்தில் பூ மார்க்கெட் திறந்ததும் திறக்காததுமாகப் போய், பன்னீர் ரோஜாவாகப் பார்த்துப் பொறுக்கி, ஈரத்துணி சுற்றி, கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அதைக் கைக்குழந்தையைப் போல இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மாள், "ஏனுங்க, கல்யாணத்துக்குங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, எங்கம்மாவுக்கு" என்றேன். சொல்லும்போதே எனக்குள் ஒரு பெருமை. எங்கம்மா. உயிரோடு இருந்தவரை ஊருக்கே அம்மாவாக இருந்தவள், இன்றைக்கு ஒரு நாளாவது எனக்கு மட்டும் அம்மா.

மலை மேல் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் நுழைந்து, அம்மாவின் மண்மேடு இருக்கும் வரிசைக்குப் போனால், மண்ணையே காணோம். காப்பிப் பழம், பச்சை மிளகு, இலை, பூ என்று கிடைத்ததையெல்லாம் வைத்து மேடு முழுக்கப் படம் படமாகப் போட்டு மூடியிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு கிளி. கால்மாட்டில் காப்பித் தம்ளர். ஓரத்தில் கோன் ஐஸ். நட்டநடுவில், எல்லாவற்றையும் விடப் பெரிதாக, செண்டுமல்லி இதழில் ஒரு பலாப்பழம்.

அந்தப் பலாப்பழத்துக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, முள்ளுக்காகப் பச்சை மிளகைப் பதித்துக்கொண்டிருந்தாள் செல்வி. செம்மநத்தத்துக்காரி. பக்கத்தில் உட்கார்ந்து மிளகு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது யார் என்று பார்த்தால், என் மகள் ஜெனி.

செல்வி நிமிர்ந்தாள். "வாங்க்கா. தலமாட்டுல, கிளிக்கு அந்தாண்ட கொஞ்சம் எடம் இருக்குதுங்க. அங்க வெச்சுக்கங்க" என்றாள்.

எனக்கு இடம் ஒதுக்கித் தருகிறாள், என் அம்மா கல்லறையில்.

ஏன் இத்தனை நாள் எழுதவில்லை

"யார் யாரைப் பற்றியோ எழுதுகிறீர்கள், பெற்ற தாயைப் பற்றி ஒரு வரி இல்லையே" என்று இந்தத் தொடரைப் படிப்பவர்கள் சிலர் கேட்டுவிட்டார்கள். துக்கம் அடைக்கிறது போலிருக்கிறது என்று அவர்களாகவே முடிவு செய்து ஆறுதலும் சொன்னார்கள்.

துக்கம் உண்டு. ஆனால் எழுதாததற்குக் காரணம் பொறாமை. அம்மாவை எழுத உட்கார்ந்தாலே, அவளைப் பங்கு போட்டுக்கொண்ட கூட்டமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. முன்வரிசையில் செல்வி.

எல்லோரும் ராஜா, நான் கதவு

அம்மா எஸ்டேட் கிரச்சில் ஆயா. காப்பிப் பழம் பறிக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வேலை முடிந்து கூட்டிப்போவார்கள். அதுவரை அத்தனை பிள்ளைகளும் அம்மாவின் பொறுப்பு. அவர்களுக்கு அவள் 'ஆயம்மா'. அங்கே இருக்கும் நேரத்தில் நானும் ஆயம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். நான் அம்மா என்று கூப்பிட்டால் மற்ற பிள்ளைகளுக்குத் தங்கள் அம்மா ஞாபகம் வந்துவிடுமாம். சொந்த அம்மாவை அம்மா என்று கூப்பிட, சாயங்காலம் சங்கு ஊதும் வரை காத்திருந்தவள் நான்.

அவள் கை சும்மா இருக்காது. சில்வர் ஓக் இலையைத் திருப்பிப் போட்டு வெள்ளி மீன் செய்வாள். தைலமரத்துக் காயில் பம்பரம், பூசணித் தண்டில் பீப்பி, கிழிந்த சாக்கில் யானை. எந்தக் குப்பையை எடுத்தாலும் அவள் கையில் அது வேறு ஒன்றாகிவிடும். செய்து முடித்ததும், எந்தப் பிள்ளை அழுகிறதோ அதன் கைக்குப் போய்விடும். நான் அழுகிற பிள்ளை இல்லை. சமர்த்தாக இருந்ததற்குக் கிடைத்த பரிசு, ஒரு யானைகூட இல்லாமல் போனது.

மத்தியானம் தூங்க வைக்கக் கதை சொல்லுவாள். கதையில் ராஜா, மந்திரி, சிறுத்தை எல்லாம் அங்கிருக்கும் பிள்ளைகள்தான். ராணி எப்போதும் செல்வி. அவள் அம்மா எங்கள் எஸ்டேட்டில் பழம் பறித்தவர். செல்வி தொட்டில் பிள்ளையாகவே எங்களிடம் வந்துவிட்டவள்.

"ஆயம்மா, நானு?"

"நீதான் அரமனக் கதவு, கண்ணு. நீ தொறந்தாத்தான் ராணி உள்ள வர முடியும், தெரிஞ்சுக்க."

பெரிய பதவி என்று நம்பிக்கொண்டு நான் கையை விரித்துக்கொண்டு நிற்பேன். செல்வி ஒய்யாரமாக உள்ளே போவாள். பள்ளிக்கூடம் போகிற வயது வந்த பிறகுதான், கதவுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது என்பது எனக்கு உறைத்தது.

ஸ்டியரிங்கில் ஆரம்பித்தது

கல்லறையில் படம் போடும் பழக்கம் அப்பாவிடமிருந்து ஆரம்பித்தது. அவர் எஸ்டேட் லாரி டிரைவர். காய்ச்சலில் போய்விட்டார். அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் விடாத மழை. மலை முழுக்கப் பூ அழுகிப்போனது. மற்றவர்கள் பிளாஸ்டிக் பூவைத் தேடிக்கொண்டு போனார்கள். அம்மா ஒரு முறத்தில் சிவந்த காப்பிப் பழத்தை அள்ளிக்கொண்டு போய், அப்பாவின் மேட்டில் ஒரு ஸ்டியரிங் போட்டாள். நடுவில் ஹாரனுக்கு ஒரு கறுப்புக் கூழாங்கல். "அவருக்குப் புடிச்சது இது ஒண்ணுதானே" என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த வருஷம் முதல் ஊரே வந்துவிட்டது. "ஆயம்மா, எங்கப்பனுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க."

எல்லோரிடமும் அவள் கேட்பது ஒரே கேள்வி: "அவியளுக்கு என்ன புடிக்கும்?"

ரேடியோ பிடித்தவருக்கு ரேடியோ. வளர்த்த நாய் மேல் உயிரையே வைத்திருந்த கிழவருக்கு, வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் நாய். ஒரு அம்மாள் வந்து, "எங்கூட்டுக்காரருக்குச் சாராயத்தத் தவிர வேற ஒண்ணும் புடிக்காதுங்க ஆயம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டாள். "தொட்டுக்கறதுக்கு இதைத்தானே கடிச்சிருப்பாரு? பாத்தா அவருக்குப் புரியும், உடுங்க." தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்த பங்குச் சாமியார் அந்தக் கல்லறையில் ஒரு நிமிஷம் நின்றார். இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெளித்துவிட்டுப் போனார்.

கேட்க ஆளே இல்லாத கல்லறைகளும் உண்டு. அவர்களுக்கு இன்னதுதான் பிடித்திருக்கும் என்று அம்மாவே முடிவு கட்டி, அதைப் போட்டுவிடுவாள். எல்லாம் முடித்து அப்பாவிடம் வரும்போது பாதிப் பழம் தீர்ந்திருக்கும். அப்பாவுக்கு எப்போதும் கடைசிதான், எனக்கும் அப்படியே. ஒரு பழமாவது நான் வைக்கிறேன் என்று கெஞ்சுவேன். "மண்ணு நொம்ப ஈரமா இருக்குது. உனக்கு ஆகாது, இருமுவ. நீ கொடையப் புடி, சாமி" என்பாள்.

குடை பிடித்தே வளர்ந்தேன்.

சோடா யாருக்கு

நான் கல்யாணமாகிச் சேலத்துக்கு வந்தேன். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. ரிட்டயர் ஆன பிறகு அம்மாவை என்னோடு வரச்சொல்லிக் கூப்பிடாத நாள் இல்லை. "அந்த வெயில்ல நான் வறுபட்டுப் போயிருவேன்" என்று மலையிலேயே இருந்துகொண்டாள். நான் லீவு கிடைக்கும்போதெல்லாம் பஸ் பிடித்து வந்து பார்ப்பேன். செல்வி தினமும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து பார்ப்பாள்.

அம்மா போனது தூக்கத்தில். சாவு வீட்டில் நான் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு உடனே அழுகை வராது, அது என் சுபாவம். செல்வி வாசலிலேயே "ஆயம்மா" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மயங்கி விழுந்தாள். பெண்கள் ஓடினார்கள். ஒருத்தர் விசிற, ஒருத்தர் முகத்தில் தண்ணீர் தெளிக்க, யாரோ கடைக்கு ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தார்கள். பெற்ற மகள் நான் இங்கே நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறேன், சோடா என்னைத் தாண்டிக்கொண்டு செல்விக்குப் போகிறது. அந்த நேரத்தில் இப்படித் தோன்றலாமா என்று கேட்டால், தோன்றியது.

ஜெனி விஷயம் இன்னும் மோசம். பேத்தி பிறந்ததும் அம்மாவுக்குப் புதிதாகக் கை முளைத்தது போல ஆகிவிட்டது. லீவுக்குக் கொண்டுபோய் விட்டால், சாக்கு யானை, துணிக்குரங்கு, விசில், கிரீடம் என்று ஒரு மூட்டையோடு திரும்பி வருவாள். கல்லறைத் திருநாளுக்கு அவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, எந்தப் பழத்தை எங்கே வைப்பது என்று விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். மண் அன்றைக்கும் ஈரம்தான். பேத்திக்கு இருமல் வராது போலிருக்கிறது.

இப்போது ஜெனிக்குப் பெங்களூரில் வேலை. "நேரா மலைக்கு வந்துடறேம்மா" என்று போனில் சொன்னாள். இரண்டு நாள் முன்னதாகவே வந்து செல்வி வீட்டில் தங்கியிருக்கிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"நீங்களே சொல்லுங்க்கா"

இத்தனையும் நெஞ்சில் அடைத்துக்கொண்டு நிற்கும்போதுதான், கிளிக்கு அந்தாண்டை இடம் இருக்கிறது என்கிறாள் செல்வி.

"இது எங்கம்மா கல்லறை" என்றேன்.

நான் நினைத்ததை விடச் சத்தமாக வந்துவிட்டது. அடுத்த வரிசையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெனி, "அம்மா, என்னம்மா இது, செல்வி சித்தி பாவம்" என்று எழுந்து வந்தாள். சித்தியாம்.

செல்விக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கையில் இருந்த மிளகை முந்தானையில் போட்டுக்கொண்டு, "நான் இல்லீன்னு சொல்லுலீங்களேக்கா" என்றாள். "நீங்க வாறதுக்குள்ள போட்டு வெக்கோணும்னுதான் பாத்தோம். உங்களுக்கு வேண்டாமுன்னா இதை இப்பவே எடுத்துப்போடறேனுங்க. நீங்களே சொல்லுங்க்கா, ஆயம்மாவுக்கு என்ன புடிக்கும்? நீங்க சொல்றதையே போட்டுருவோம்."

அம்மா ஊரைக் கேட்ட கேள்வி. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அம்மாவுக்கு என்ன பிடிக்கும்? என்ன கலர் சேலை? என்ன குழம்பு? கூட்டிப்போகச் சொல்லி எந்த ஊரைக் கேட்டாள்? வாய் திறந்து ஒன்று வேண்டுமென்று என்னிடம் கேட்டதே இல்லை. அறுபது வயதை நெருங்குகிறேன், பெற்றவளுக்குப் பிடித்த ஒரு பண்டத்தின் பெயர் தெரியாமல் நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தில் பட்ட அவமானத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

சுற்றி நின்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. கரடியூர்க்காரர் ஒருவர், கிரச்சில் வளர்ந்தவர், "எங்கூட்டுக் கிளின்னா ஆயம்மாவுக்குக் கொள்ளப் பிரியமுங்க, வந்தா அதுகிட்டத்தான் மொதல்ல பேசுவாங்க" என்றார். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வீட்டு மருமகள், "எங்க ஊட்டுக் காப்பியாட்டம் வேற எங்கயும் குடிச்சதே இல்லீன்னு சொல்லுவாங்க" என்றாள். ஜெனி, "பாட்டிக்குக் கோன் ஐஸ்தான். என்கூட உக்காந்து சாப்பிடும்போது கண்ண மூடிக்கும்" என்றாள்.

செல்வி பலாப்பழத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கூட்டு மரத்துல பழம் பழுத்தா, மொதச் சுளை ஆயம்மாவுக்குத்தானுங்க. எண்ணெயத் தடவிக்கிட்டு நான் உரிச்சுக் குடுக்கக் குடுக்க, போதும்னே சொல்ல மாட்டாங்க. அப்படித் தின்னாத்தான் எனக்கும் மனசு நெறையும்."

அப்போதுதான் எனக்குச் சட்டென்று அந்தச் சாயங்காலங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

எனக்கு மட்டும் காட்டிய முகம்

செல்வி வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் அம்மா செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்ற மாட்டாள். நேராக அடுப்படிக்குப் போய் ஓமத்தைக் கொதிக்க வைப்பாள். முகம் சுருங்கிப்போயிருக்கும்.

"வயிறு கல்லாட்டம் இருக்குது. அந்த வாசமே எனக்கு ஆகாது, சாமி. தொண்டைக்குள்ளயே நிக்குது."

"அப்புறம் ஏன் தின்ன?"

"அந்தப் புள்ள ஆசையா உரிச்சுக் குடுக்குது. அது மூஞ்சியப் பாத்துட்டு வேண்டாமுன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. நீ யாருகிட்டயும் சொல்லிப்போடாத, கண்ணு."

ஓமத்தண்ணீரைக் குடித்துவிட்டு என் மடியில் காலை நீட்டிப் படுத்துக்கொள்வாள். ஊரைத் திட்டுவாள். பிள்ளைகள் கத்திக் கத்திக் காது வலிக்கிறது என்பாள். ஒரு வீட்டுக் காப்பி கழனித் தண்ணீர் என்பாள். கோயிலில் முன்வரிசையில் நின்று பாடும் அம்மாளின் குரலை மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடிக் காட்டுவாள். ஆசை ஆசையாக யாரோ எடுத்துக் கொடுத்த சேலையைக் கையில் தூக்கி, "இதைக் கட்டிக்கிட்டு நான் என்ன கரகமா ஆடப்போறேன்?" என்பாள்.

ஊருக்கெல்லாம் சிரித்த முகம், எனக்கு மட்டும் சிடுசிடுப்பா என்று எத்தனை வருஷம் பொருமியிருக்கிறேன்! கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரிடம் இதையே சொல்லி அழுததுகூட உண்டு.

அந்தத் தூறலில் நின்றுகொண்டு, முதல்முறையாக அவர்களைச் சுற்றிப் பார்த்தேன். கிளிக்காரர், காப்பிக்காரி, ஐஸ்காரி, பலாப்பழக்காரி. இவர்களில் ஒருத்தருக்கும் அம்மா ஓமத்தண்ணீர் குடித்தது தெரியாது. ஒருத்தர் முன்னாலும் அவள் காலை நீட்டிப் படுத்ததில்லை. பிடிக்கவில்லை என்ற சொல்லை அவள் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். நல்ல பிள்ளையாக இல்லாமல், நடிக்காமல், அலுத்துக்கொண்டு இருப்பதற்கு அவளுக்கு இருந்த ஒரே இடம் நான்.

செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க்கா, ஒண்ணுமே பேசமாட்டேங்கறீங்க? ஆயம்மாவுக்குப் பலாப்பழம்னா உசுருதானுங்களே?" நான் இல்லை என்றால் அவள் நம்புவாள். நம்பிவிட்டால், அவள் உரித்துக் கொடுத்த அத்தனை சுளையும் அந்த இடத்திலேயே விஷமாகிவிடும். நான் ராணியாக இருப்பதற்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது.

"ஆமா செல்வி" என்றேன். "உசுரு."

அவள் அழுதுவிட்டாள். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கும் ஆயம்மா மனசுதானுங்க்கா" என்றாள். சுற்றி நின்றவர்களும் தலையை ஆட்டினார்கள்.

அதெல்லாம் ஒன்றுமில்லை. நான் பெருந்தன்மையால் அப்படிச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் அதுவும் ஊருக்குப் பொதுவாகிவிடும். நாளைக்குச் செல்வி, "ஆயம்மாவுக்குப் பலாப்பழமே ஆகாதாம், எனக்காகத் தின்னாங்களாம்" என்று சொல்லிச் சொல்லி அழுவாள். அதிலும் அவளே ராணியாகிவிடுவாள். அதையும் அவளுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்? கிளிக்கு அந்தாண்டை இருந்த இடத்தில் ரோஜாக்களை வைத்தேன். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். செல்வி அவள் வழக்கப்படி ஒரு சூடமும் ஏற்றினாள்.

எது என்று கேட்காதீர்கள்

இது அச்சில் வந்தால் செல்வி படிப்பாளே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. செல்வி என்பது அவள் பெயர் இல்லை. அன்றைக்கு என்னிடம் அப்படிக் கேட்டது அவள் ஒருத்தி மட்டும் இல்லை; கேட்ட எல்லோரிடமும் ஆமாம் என்றுதான் சொன்னேன். அம்மாவுக்கு ஆகாதது பலாப்பழமும் இல்லை. அந்த ஒன்றை மட்டும் இடம் மாற்றி எழுதியிருக்கிறேன். அந்த மேட்டில் நான் இங்கே சொல்லாத படங்களும் இருந்தன. போட்டவர்கள் எல்லோரும் இதைப் படித்துவிட்டு, நம்முடையதாக இருக்காது என்று நிம்மதியாக இருக்கலாம்.

எழுதி முடித்து ஜெனியிடம் படிக்கக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ எதும்மா? கிளியா? காப்பியா? கோன் ஐஸ் இல்லையே?"

"சொல்ல மாட்டேன்."

"எனக்குக்கூடவா? நானும் பாட்டிக்குப் பேத்திதானே!"

"பேத்திதான்டி, யார் இல்லைன்னா?" என்று தாள்களை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "மகள் நான் ஒருத்திதான்."